விதைத்தது, முளைக்கவில்லை

செயற்கைக்கோளுக்குக் கூச்சம் கிடையாது. வனிதாவுக்கு உண்டு. இரண்டு பேரும் ஒரே கம்பெனிக்குத்தான் வேலை பார்த்தார்கள்.

கம்பெனி பெங்களூரில் இருந்தது. அதற்குச் சொந்தமாகச் சில சின்னச் செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றும் வீட்டு பிரிட்ஜ் அளவுகூட வராது. அவை கோவில்பட்டிக்கு மேலே கடந்துபோகும்போது கரிசல்காட்டைப் படம் எடுக்கும். படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஒரு டிராக்டர் நிற்கிற இடம். அந்தப் புள்ளியில் இருப்பது பயிரா, தரிசா, உடைமரமா என்று கம்ப்யூட்டர் ஊகிக்கும். ஊகம் சரிதானா என்று தரையில் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வனிதா.

அவள் இயற்பியல் படித்தவள். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றி அனுப்புகிறவர். வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்தபோது அவளுக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்றுதான்: யாரிடமும் பேச வேண்டியதில்லை. வயலோரம் ஸ்கூட்டியை நிறுத்த வேண்டும். போனில் நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும். திரையில் நான்கு பொத்தான்கள் வரும். பயிர், தரிசு, மரம், மற்றவை. ஒன்றை அமுக்கிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடலாம். வயல்கள் பேசாது. மேலே இருப்பதும் பேசாது.

வயல்காரர்கள் பேசுவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

புரட்டாசி பாதியில், இடைசெவலைத் தாண்டி உள்ளே போகிற ரோட்டில் அவள் ஒரு வயலோரம் நின்றாள். கண்ணுக்கு எட்டிய தூரம் கறுப்புப் புழுதி. உழுது விதைத்து மூடிய நிலம். கரிசலில் மழைக்கு முன்னாலேயே விதைத்துவிடுவார்கள். விதை புழுதிக்குள் ஆழத்தில் உறங்கும். ஒரு தூறலுக்கு அது எழுந்திருக்காது; ஓர் உழவு மழை, அதாவது ஏர் ஓடுகிற ஆழத்துக்கு நனைக்கிற மழை, பெய்தால்தான் எழும். ஆனால் போனில் தெரிந்தது வெறும் மண். வனிதா நான்கு பொத்தான்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி! யாரு நீ? எவன் அனுப்புனான் ஒன்ன?"

வரப்பில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து இருக்கலாம். சேலைக்கு மேலே ஆண்சட்டை, தலையில் துண்டு. பெயர் பத்திரகாளி என்பது பிறகு தெரிந்தது. அந்தக் குரலைக் கேட்டால் வேறு பெயர் வைத்திருக்கவே முடியாது என்று தோன்றும்.

"சோலார் கம்பெனியா?"

"இல்லக்கா. சாட்டிலைட்டு..." என்றாள் வனிதா.

"சாட்டிலைட்டா!" பின்னால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கண்ணுசாமி பக்கத்தில் வந்துவிட்டார். கடலோரக் குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டிருந்தார். அவருக்குப் பக்கத்து வயல். "அங்கன குலசையில ராக்கெட் விடுததுக்கு எடம் கட்டுதாவல்லா, அந்த ஆளுகளா? ஏம்மா, ராக்கெட்டு கெளம்புனா அம்மனுக்குக் காது அடைக்காதா?"

"நாங்க வேற, அண்ணாச்சி. மேல இருந்து வயலப் படம் புடிக்கோம். ஒரு டிராக்டர் நிக்குத எடம் ஒரு புள்ளி."

"அப்ப நீதானா அது," என்றாள் பத்திரகாளி. குரல் இறங்கியிருந்தது. இறங்கிய குரல்தான் இன்னும் பயமாக இருந்தது. "என் நெலத்த ரெண்டு வருசமாத் தரிசுன்னு எழுதுத ஆளு நீதானா?"

வனிதா வேலைக்குச் சேர்ந்தே இரண்டு மாதம்தான். ஆனால் நடந்தது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. புரட்டாசியில் வானம் தெளிவு. படத்தில் வெறும் மண். ஐப்பசியில் மழை, மண்ணுக்கு மேலே மேகம். மேகம் விலகி நல்ல படம் கிடைக்கிற தை மாதத்தில் பாசிப்பயறைப் பறித்து முடித்திருப்பார்கள்; மறுபடியும் வெறும் மண். கரிசலில் பயிர் உயிரோடு இருக்கிற நாள்களில்தான் வானம் மூடிக்கிடக்கும். மேலே இருந்து பார்ப்பதற்கு, இந்தப் பெண் வருஷம் முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் என்ன கெடுதல் என்றும் பத்திரகாளியே சொன்னாள். அவள் புருஷன் இறந்தபின் நிலம் அவள் பெயரிலும் கொழுந்தன் சோலைராஜ் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. சோலைராஜுக்குக் கோவில்பட்டியில் செல்போன் கடை. சோலார் கம்பெனி ஒன்று இந்தப் பக்கம் நிலம் குத்தகைக்குத் தேடுகிறது. விளைகிற நிலத்தை எடுத்தால் கேள்வி வரும் என்பதால், வனிதாவின் கம்பெனியிடம் வாங்குகிற படத்தில் தொடர்ந்து மூன்று வருஷம் தரிசாகத் தெரிகிற நிலத்தை மட்டும் எடுக்கிறார்கள்.

"இது மூணாவது வருசம். 'மதினி, நீங்க ஏன் வெயில்ல கெடந்து சாவுதீங்க, கையெழுத்துப் போடுங்க'ன்னு நிக்கான். கண்ணாடிப் பலகையப் பரப்பிட்டு நான் எங்கன போயி உக்காருவேன், அவன் கடை வாசல்லயா? சொல்லு. என்ன பாத்தா ஒங்க சாட்டிலைட்டு பயிருன்னு ஒத்துக்கிடும்?"

கேட்டவள் பதிலுக்காக வனிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க வனிதா வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மேல இருந்து பாத்தா பச்சை தெரியணும்க்கா."

சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கூச்சப்படுகிறவர்களுக்கு நாளை என்பது பெரிய ஆறுதல்.

நாளை என்பது ஒரு வாரத்துக்கும் மேலாக இழுத்துக்கொண்டு போயிற்று. மறுபடி அந்த ரோட்டுக்கு வந்தபோது தூரத்திலேயே அவள் பிரேக்கைப் பிடித்தாள்.

கறுப்பு நிலத்தின் ஓரமாக, ரோட்டை ஒட்டி, ஒரு பச்சைப் பட்டை கிடந்தது. இரண்டு டிராக்டர் அகலம் இருக்கும். பாசிப்பயறு இரண்டு இலை விட்டு நின்றது. சுற்றிலும் எங்கும் ஒரு பச்சை இல்லை. துக்கவீட்டில் ஒருத்தி மட்டும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

பத்திரகாளி பட்டையின் நடுவில் நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தெரியுதா?"

"மழை பெஞ்சதாக்கா?"

"எந்தச் சிறுக்கிக்குப் பெஞ்சது? டேங்கர்ல கொண்டாந்து விட்டேன். குடிதண்ணி ஊத்துத பயகிட்டச் சொல்லி டேங்கர் டேங்கராக் கொண்டாந்தேன். புள்ளிக்கு ஒரு டிராக்டர் எடம்னு சொன்னியே. நான் ரெண்டு டிராக்டர் அகலத்துக்கு விட்டேன், தப்பிப் போயிறக் கூடாதுன்னு."

வனிதா முளைகளைக் குனிந்து பார்த்தாள். அடியில் மண் அதற்குள் காய்ந்து மயிரிழை வெடிப்பு ஓட ஆரம்பித்திருந்தது. கரிசலில் பிறந்த யாருக்கும் இது தெரியும். பொய்மழைக்கு முளைத்த பயிர் அடுத்த மழைக்கு இருக்காது. அதற்காகத்தான் விதையை ஆழத்தில் போட்டு மூடுகிறார்கள். பத்திரகாளிக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தே, உறங்குகிற விதையைத் தட்டி எழுப்பிவிட்டிருக்கிறாள். வனிதா சொன்ன ஒரு வாக்கியத்துக்காக.

"இது காஞ்சிருமேக்கா."

"காயட்டும். இன்னைக்குப் பச்சையா இருக்குல்லா? படம் புடி. மேல இருக்கவனும் புடிக்கட்டும். நீயும் பயிருன்னு அமுக்கு."

வனிதா படம் எடுத்தாள். திரையில் பொத்தான்கள் வந்தன. விரல் 'பயிர்' என்பதற்கு மேலே நின்றது. அமுக்கினால் பொய்யில்லை. காலடியில் இருப்பது பயிர்தான்.

ஆனால் அவள் அமுக்குவது ஒரு வயலோடு நிற்காது. அவள் சொல்லித்தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறது. புரட்டாசிக் கரிசலில் பயிர் என்றால் இப்படிப் பச்சையாக இருக்கும் என்று இன்று அவள் சொன்னால், பச்சை இல்லாதது எல்லாம் தரிசு என்று அது இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் கண்ணுசாமி வயல், அதற்கடுத்த வயல், கடம்பூர் வரைக்கும் மணியாச்சி வரைக்கும் புழுதிக்குள் விதையை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற எல்லா வயலும்.

"அமுக்கு," என்றாள் பத்திரகாளி.

"முடியாதுக்கா. இத மட்டும் பயிருன்னு சொன்னா மத்த எல்லாம் தரிசுன்னு ஆயிரும். கண்ணுசாமி அண்ணாச்சி வயல், ஒங்களோட மிச்ச நெலம்கூட."

"கண்ணுசாமி நெலத்த எவன் கேட்டான்? என் நெலத்தத்தான கேக்கான்."

வனிதா விரலைத் திரையிலிருந்து எடுத்தாள்.

"நீதான சொன்ன, பச்சை தெரியணும்னு."

வனிதா போனைப் பைக்குள் வைத்தாள்.

"ஒரு அமுக்கு அமுக்க ஒனக்கு என்னட்டி கேடு?" பத்திரகாளியின் சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. "படிச்ச பிள்ளைன்னு நம்புனேன் பாரு. போ. போயி ஒன் மேகத்துக்குள்ள ஒளிஞ்சுக்கோ."

வனிதா போய்விட்டாள். கோவில்பட்டி வரும்வரை ஸ்கூட்டியில் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லாமே நல்ல பதில்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனியில் எல்லாரும் கம்ப்யூட்டரில் கூடிப் பேசுவார்கள். வனிதா கேமராவை மூடி, மைக்கை அணைத்து வைத்திருப்பாள். திரையில் ஒரு கறுப்புக் கட்டமும் 'வ' என்ற எழுத்தும் மட்டும் இருக்கும். அந்த வெள்ளி, புதிய செயற்கைக்கோளைப் பற்றி ஒருவர் நெடுநேரம் பேசினார். கடைசியில், "வேற ஏதாவது?" என்று மணிகண்டபிரபு கேட்டார். அவர்தான் அவளுக்கு மேலே இருப்பவர், கோயம்புத்தூர்க்காரர். வழக்கமாக அந்தக் கேள்விக்குப் பிறகு எல்லாரும் ஒவ்வொருவராக மறைந்துபோவார்கள்.

வனிதா மைக்கைத் திறந்தாள். மின்விசிறிச் சத்தம் எல்லாருடைய வீட்டுக்கும் போயிற்று.

"சார், அஞ்சாவதா ஒரு பொத்தான் வேணும்."

"என்னங்க பொத்தான்?"

"விதைத்தது, முளைக்கவில்லை."

அவர் சிரிக்காமல்தான் கேட்டார். "வெறும் மண்ணுதானுங்களே தெரியுது? உள்ள விதை இருக்குன்னு நாம எப்படிச் சொல்றது?"

அவள் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். எங்கள் பக்கம் தரிசை யாரும் புரட்டாசியில் உழமாட்டார்கள்; உழுதிருந்தால் விதைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கேமராவுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. ரேடாருக்கு அப்படி இல்லை. ரேடார் நிறத்தைப் பார்ப்பதில்லை, மண்ணின் மேடுபள்ளத்தைப் பார்க்கிறது. மேகமும் அதை மறைக்காது. இப்போது ரேடார் செயற்கைக்கோள்களின் படங்கள் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் வைத்துப் பார்த்தால் உழுத வயல் எது என்று பிரித்துவிடலாம். இவ்வளவையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள்.

"பண்ணிப் பாக்கலாம்," என்றார் மணிகண்டபிரபு. "ஆனா அதுக்குப் பழக்கிவிட நிறைய வயல் வேணுமே. இது விதைச்சது, இது விதைக்காததுன்னு யாராவது உறுதியாச் சொல்லணும். பாத்தா தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

வனிதா காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"கேட்டா சொல்வாவ சார்."

"எல்லார்கிட்டயுமா?"

தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள். "கேக்கேன் சார்."

மறுநாளிலிருந்து கேட்டாள். ஸ்கூட்டியில் போகும்போது அந்த ஒரு கேள்வியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவாள். வெதச்சிட்டியளா? வெதச்சாச்சா? இறங்கி நின்றால், அவள் கேட்பதற்கு முன்னால் கேள்வி அவளை நோக்கி வந்தது. நீ யாரு மவ? எந்தத் தெரு? கல்யாணம் ஆயிட்டா? அதையெல்லாம் தாண்டித்தான் விதைக்குப் போக வேண்டியிருந்தது. சொல்வதை மட்டும் எழுதினால் போதாது என்பதால், ஒரு விதையைத் தோண்டிக் காட்டச் சொன்னாள். விரலை விட்டுத் துழாவி, புழுதியோடு ஒரு பாசிப்பயறோ ஒரு சோளமோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்கள். உள்ளங்கையைப் படம் எடுத்தாள். பிறகு அவர்களே விதையைப் பழைய குழியில் வைத்து மூடினார்கள்.

"ஏட்டி, கோழி கணக்கா ஊரு வெதையப் பூராக் கிண்டிக்கிட்டு அலையுத," என்றார் கண்ணுசாமி. "நாளைக்கு முளைக்கலன்னா ஒன் ஸ்கூட்டியத்தான் உழவுக்குக் கட்டுவேன்." அவரே அடுத்த வயல்காரரைக் கூப்பிட்டும் விட்டார். "எய்யா, இங்கன வா, ஒன் வெதைக்கு போட்டோ எடுக்காவ. தலையச் சீவிட்டு வா."

பத்திரகாளி வயலில் மட்டும் அவள் இறங்கவில்லை. அந்த வயலைக் கண்ணுசாமிதான் தோண்டிக் காட்டினார். ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைப் பட்டை தெரிந்தது. முதலில் மஞ்சளாயிற்று. பிறகு வைக்கோல் நிறம். ஒருநாள் காற்றில் அதுவும் இல்லை. பத்திரகாளி வரப்பில் நின்றாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

சோலைராஜை வனிதா அவருடைய கடையிலேயே பார்த்தாள், போனுக்கு ஒரு கண்ணாடி ஒட்டப் போனபோது. யாரென்று தெரிந்ததும் அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். கெட்டவராகத் தெரியவில்லை.

"மதினி வெவசாயம் பாக்குதது எனக்குத் தெரியாதாம்மா? வருசா வருசம் பாசிப்பயறு எனக்கும்தான் வருது. அண்ணன் அந்தக் காட்டுலதான் விழுந்து செத்தாவ. மதினியும் அங்கனயே விழணுமா? கம்பெனிக்காரன் படத்துல தரிசுன்னு இருக்கு. அது பொய்தான். ஆனா அந்தப் பொய்யால மதினிக்கு நெழல்ல உக்காந்து சாப்பாடு கெடைக்கும்னா, நான் எதுக்கு அதத் திருத்தணும்?"

வனிதா அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. நிழல் வேண்டுமா என்று மதினியிடம் அவர் கேட்டாரா என்பது மட்டும் தெரியவில்லை.

மழை ஐப்பசியில் வந்தது. வருகிற அறிகுறி ஒன்றும் இல்லாமல், ஒரு மத்தியானம் மேற்கே இருட்டி, விடிய விடியப் பெய்தது. உழவு மழைக்கு மேலேயே பெய்தது. கரிசல் ரோட்டில் ஸ்கூட்டி போகாது. சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு மாட்டுக்குளம்பு மாதிரி ஆகிவிடும். வனிதா வீட்டில் உட்கார்ந்து ரேடார் படங்களைப் பார்த்தாள். சாம்பல் நிறப் படங்கள், அழகே இல்லாதவை. ஆனால் மேகத்துக்கு அடியில் உழுத வயல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் கேட்டு வந்த வயல்களை வைத்துக் கம்ப்யூட்டர் மெல்லக் கற்றுக்கொண்டது. அவள் போகாத ஊர்களிலும் அது சரியாகச் சொல்ல ஆரம்பித்தது. சில இடங்களில் தப்பாகவும் சொன்னது. சுடுகாட்டை விதைத்த வயல் என்று ஒருமுறை சொன்னது. மணிகண்டபிரபு அதை வைத்து ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கச் சிரித்தார். வனிதாவும் மைக்கைத் திறந்து வைத்துச் சிரித்தாள்.

கார்த்திகைப் பிறப்பில், இரண்டு மழைக்கு நடுவே, ஒரு காலை வானம் கழுவிவிட்டது போலத் திறந்தது. கம்பெனியின் புதிய செயற்கைக்கோள் சரியாக அப்போது மேலே போயிற்று. வருஷக்கணக்கில் கிடைக்காத படம்: மேகம் இல்லாத, பயிர் நிற்கிற கரிசல். ஊர் முழுக்கப் பச்சை. வனிதா படத்தைப் பெரிதாக்கிப் பத்திரகாளியின் வயலைத் தேடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. அத்தனை பச்சைக்கு நடுவே ஒரு வயலின் ரோட்டோரம் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை கிடந்தது. மை தீட்டிய மாதிரி, நேர்கோடாக.

ஆழத்து விதையெல்லாம் மழைக்கு எழுந்துவிட்டது. முன்னாலேயே எழுப்பப்பட்டது மட்டும் இல்லை.

வனிதா அந்த வயலுக்கு 'பயிர்' என்று போட்டாள். அந்தப் பட்டை தனியாக இரண்டு புள்ளி அகலம் இருந்தது, விட்டுவிட முடியாது. அதற்கு உண்மை எதுவோ அதைப் போட்டாள். தரிசு.

ரோடு காய்ந்ததும் படத்தை எடுத்துக்கொண்டு போனாள். போகாமல் இருப்பதற்கு அவளிடம் பல காரணங்கள் இருந்தன. எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

வயலில் பத்திரகாளி களை பறித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் சோலைராஜ், பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு, சேற்றில் செருப்பைத் தொலைத்த முகத்தோடு நின்றார்.

"வந்துட்டாளா," என்றார் அவர். "சோலார்க்காரன் போன் போட்டான்மா. இந்த வருசம் படத்துல பயிருன்னு வந்துருச்சாம். இனி முதல்லருந்து மூணு வருசமாம். அவனுக்குப் பொறுமை இல்ல, விளாத்திகுளம் பக்கம் போறானாம்." பெருமூச்சு விட்டார். "மதினி நெழல்ல உக்காரக் குடுத்து வைக்கல."

"நெழலு வேணும்னு ஒங்கிட்ட நான் கேட்டனாக்கும்?" என்றாள் பத்திரகாளி, குனிந்த தலை நிமிராமல். "வந்ததுதான் வந்த, அந்தக் களையக் கட்டி ஓரமாப் போடு. செருப்ப நான் அறுவடையில எடுத்துத் தாரேன்."

சோலைராஜ் களையை அள்ளினார். பத்திரகாளி கையைத் துடைத்துக்கொண்டு வனிதாவிடம் வந்தாள். கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. "என்ன கொண்டாந்த?"

வனிதா போனைக் கொடுத்தாள். பத்திரகாளி அதைத் துண்டின் நிழலில் வைத்துப் பார்த்தாள். தன் வயலை மேலே இருந்து அவள் பார்த்ததில்லை. கண்ணுசாமி வயல், ஓடை, ரோடு என்று விரலால் தொட்டுத் தொட்டு வந்தாள். விரல் நின்றது.

"ஓரத்துல என்ன இது, கறுப்பா?"

"நீங்க தண்ணி விட்ட எடம்க்கா."

பத்திரகாளி அதையே பார்த்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று வனிதா பயந்தாள். சிரிப்பு. "எல்லாத்தையும் பாத்துருக்கே கழுத! எதக் காட்டணும்னு நெனச்சனோ அத மட்டும் பாக்கல." சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சரி, இந்தத் துண்டுக்கு என்னன்னு போட்ட?"

வனிதா பொய் சொல்ல நினைத்தாள். ஒரு நொடிதான். "தரிசுன்னு."

"தரிசு."

"வெறும் மண்ணாத்தானக்கா இருக்கு."

பத்திரகாளி போனைத் திருப்பிக் கொடுத்தாள். பட்டையை நோக்கி நடந்தாள், இரண்டு விரலை ஈரமண்ணுக்குள் விட்டாள், திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தாள். சேற்றுக்கு நடுவே சின்னதாக ஒன்று. விதைப்பதற்காகப் பாதியாக உடைத்த கொத்தமல்லி விதை. ஓரத்தில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது.

"மழை வெறிச்ச அன்னைக்கே போட்டுட்டேன். ஊரு பூராக் கேட்டியாமே, வெதச்சாச்சா வெதச்சாச்சான்னு. எங்கிட்டக் கேட்டியா நீ?"

வரப்பில் சோலைராஜ் களைக்கட்டோடு நின்று இருவரையும் பார்த்தார். வனிதாவுக்கு முகம் சுட்டது. போனைத் திறந்தாள். பட்டையின் மேல் விரலை வைத்தாள். ஐந்து பொத்தான்களும் வந்தன. ஆனால் எதையும் அமுக்கவில்லை. நிமிர்ந்து பத்திரகாளியின் முகத்தைப் பார்த்தாள்.

"வெதச்சாச்சாக்கா?"

"ஆச்சுட்டி," என்றாள் பத்திரகாளி. "இப்ப அமுக்கு."